பஃபர் கோடில் ‘கிளீன்அப்’ பேட்ச்: ரிவ்யூட்-பை கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

லினக்ஸ் கெர்னலின் ஃபைல்சிஸ்டம் பகுதிக்குப் புதிதாக வருபவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் கிளீன்அப் பேட்ச்தான், அதாவது செயல்பாட்டை மாற்றாமல் கோடை மட்டும் ஒழுங்குபடுத்தும் திருத்தம். “சின்ன மாற்றம், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்” என்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. நாற்பது வரி போய் இருபத்தைந்து வரி வந்திருந்தது. படித்தேன், முன்பைவிடத் தெளிவாக இருந்தது, ரிவ்யூட்-பை (‘பார்த்துவிட்டேன், சரி’ என்று பெயர் போடும் வரி) கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, அந்த ஃபங்ஷனுக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத இடத்திலிருந்து கெர்னல் எச்சரிக்கை வர ஆரம்பித்தது. காரணம் நான் பார்த்து அனுப்பிய பேட்சில் நீக்கப்பட்ட ஒரே ஒரு வரி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக, இப்போது நான் பின்பற்றும் முறையை வரிசையாக எழுதுகிறேன். பஃபர்_ஹெட் (டிஸ்கின் ஒரு பிளாக்கை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபரின் விவரத் தலைப்பு) பயன்படுத்தும் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல்சிஸ்டம்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்துக்குச் சொந்தப் பஃபர் அமைப்பு இருக்கிறது, ஃபங்ஷன் பெயர்கள் மாறும், ஆனால் எண்ண வேண்டிய கணக்கு அங்கேயும் இதேதான்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆவணங்கள். கெர்னல் மரத்துக்குள்ளேயே டாக்குமென்டேஷன் அடைவில் ‘புராசஸ்’ என்ற உள்ளடைவு இருக்கிறது. அதில் பேட்ச் சமர்ப்பிப்பது பற்றிய பக்கத்தையும் கோடிங் ஸ்டைல் பக்கத்தையும் முழுதாகப் படித்துவிடுங்கள். ரிவ்யூட்-பை கொடுப்பவர் எதற்கெல்லாம் பொறுப்பேற்கிறார் என்பது முதல் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் பெயர் போடாதீர்கள். பிறகு எஃப்எஸ் அடைவில் பஃபர் டாட் சி கோப்பு. முழுவதும் வேண்டாம், பிரெல்ஸ், எஸ்பி_பிரீட், எஸ்பி_கெட்பிளாக், மார்க்_பஃபர்_டர்ட்டி ஆகிய நான்கும் உள்ளே என்ன செய்கின்றன என்று ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். அரை நாள் போகும். அதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் அந்த அரை நாள் திரும்பக் கிடைக்கும்.

பணச் செலவு எதுவும் இல்லை. ஒரு வர்ச்சுவல் மெஷின் வேண்டும், அதில் சோதனைக்கென்றே இரண்டு தனி டிஸ்க், தலா பத்து இருபது ஜிபி. கெர்னல் பில்டுக்கும் கணிசமான இடம் ஒதுக்குங்கள். டீபக் தகவலோடு பில்ட் செய்தால் சில பத்து ஜிபி எளிதாகப் போய்விடும்.

உண்மையான செலவு நேரம்தான். ஐம்பது வரி பேட்சுக்குப் படிக்க மூன்று மணி நேரம், ஓட்டிப் பார்க்க ஒரு இரவு என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். அரை மணியில் முடித்துவிட்டீர்கள் என்றால் எழுத்தைப் பார்த்திருக்கிறீர்கள், பேட்சைப் பார்க்கவில்லை.

## 2. பேட்ச் என்ன வாக்குக் கொடுக்கிறது?

கமிட் செய்தியை முதலில் படியுங்கள், டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) அப்புறம். கிளீன்அப் பேட்சில் அநேகமாக ஒரு வாக்கியம் இருக்கும்: “செயல்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை.” உங்கள் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியம் உண்மையா என்று சரிபார்ப்பதுதான். அப்படி எழுதப்படவில்லை என்றால், மாறுகிறதா இல்லையா என்று எழுதியவரையே கேளுங்கள். பல நேரம் அவரே யோசித்திருக்க மாட்டார். கேட்டதும் ஒரு பிழை தானாக வெளியே வரும்.

இன்னொன்றையும் இங்கேயே பாருங்கள். ஒரே பேட்சில் பெயர் மாற்றம், கோடை வேறு ஃபங்ஷனுக்கு நகர்த்தியது, எரர் வழியைத் திருத்தியது மூன்றும் கலந்திருந்தால், மேற்கொண்டு படிக்காமல் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். தயக்கமே வேண்டாம். நகர்த்தல் ஒரு பேட்ச், திருத்தம் ஒரு பேட்ச். கலந்து வந்தால் நகர்ந்த முப்பது வரிக்குள் திருத்திய ஒரு வரி ஒளிந்துகொள்ளும். வேண்டுமென்று யாரும் ஒளிப்பதில்லை; நகர்ந்த வரிகளைக் கண் தாண்டிப் போய்விடும்.

பழைய கோடில் உண்மையான பிழை ஒன்றைச் சரிசெய்கிறது என்றால் அது கிளீன்அப் கிடையாது. ‘ஃபிக்சஸ்’ வரி வேண்டும், பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்தாவது வேண்டும், பழைய நிலைப்பதிப்புகளுக்கும் (ஸ்டேபிள் கெர்னல்களுக்கும்) போக வேண்டுமா என்ற முடிவும் வேண்டும். பிழைத்திருத்தம் கிளீன்அப் என்ற பெயரில் உள்ளே போய்விட்டால் நிலைப்பதிப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

## 3. உங்கள் மரத்தில் பொருத்தி, அங்கே படியுங்கள்

டிஃப் காட்டும் மூன்று வரிச் சூழலை வைத்து பஃபர் கோடை ரிவ்யூ செய்யவே முடியாது. பஃபரை எடுத்த இடம் எண்பது வரிக்கு மேலே இருக்கும், விடும் இடம் நூறு வரிக்குக் கீழே இருக்கும்.

பேட்ச் எந்த கமிட்டின் மேல் எழுதப்பட்டது என்று பேஸ்-கமிட் வரியைப் பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். பி4 என்ற கருவி தொடர் முழுவதையும் இறக்கிப் பொருத்திக் கொடுத்துவிடும். பொருத்திய பிறகு கிட் ஷோ கட்டளையை மூன்று விதமாக ஓட்டுவது என் வழக்கம். முழு ஃபங்ஷனையும் காட்டும் பெரிய எழுத்து டபிள்யூ விருப்பத்தோடு ஒருமுறை. வெற்றிடத்தைப் பொருட்படுத்தாத சின்ன எழுத்து டபிள்யூ விருப்பத்தோடு ஒருமுறை. இன்டென்ட் மட்டும் மாறிய வரிகள் மறைந்து, மாற்றம் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவது, நகர்ந்த வரிகளுக்குத் தனி நிறம் கொடுக்கும் கலர்-மூவ்டு விருப்பத்தோடு. நகர்ந்த துண்டுக்கு நடுவில் ஒரு வரி மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அங்கே நின்று படியுங்கள்.

## 4. எடுத்தது எத்தனை, விட்டது எத்தனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பஃபர்_ஹெட் ஒவ்வொன்றிலும் பி_கவுண்ட் என்ற எண் இருக்கிறது: அந்தப் பஃபரை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் (எத்தனை ரெஃபரன்ஸ்) என்ற கணக்கு. எஸ்பி_பிரீட், எஸ்பி_கெட்பிளாக், கெட்_பிஹெச் ஆகியவை அதை ஒன்று கூட்டும். பிரெல்ஸ், புட்_பிஹெச் இரண்டும் ஒன்று குறைக்கும். ஃபங்ஷனிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் கூட்டியதும் குறைத்ததும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீதியை அழைத்தவரிடம் ஒப்படைக்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. கிளீன்அப் பேட்சுகள் கெடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான், ஏனென்றால் கிளீன்அப் என்றாலே எரர் வழிகளையும் ‘கோட்டு’ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) லேபிள்களையும் ஒன்றுசேர்ப்பதுதான்.

என்னிடம் தப்பிய பேட்சின் வடிவத்தைக் காட்டுகிறேன். தேவையில்லாததை எடுத்துவிட்டால் பழைய கோடு இப்படி இருந்தது (பிஹெச் என்பது பஃபரைச் சுட்டும் மாறி; ‘நல்’ என்றால் எதையும் சுட்டாத வெற்று மதிப்பு):

லூப்:
 – சிக்னல் வந்திருக்கிறதா? ஆம் எனில் ‘அவுட்’ போ
 – பிஹெச் = எஸ்பி_பிரீட்(அடுத்த பிளாக்)
 – பிஹெச் நல் எனில் எரர் வைத்து ‘அவுட்’ போ
 – தேடு; கிடைத்தால் ‘அவுட்’ போ
 – பிரெல்ஸ்(பிஹெச்)
 – பிஹெச் = நல்
அவுட்:
 – பிரெல்ஸ்(பிஹெச்)

பேட்ச் நீக்கியது ‘பிஹெச் = நல்’ என்ற வரியை. காரணம் நியாயமாகவே தோன்றியது: அடுத்த சுற்றில் எஸ்பி_பிரீட் எப்படியும் புது மதிப்பை வைக்கப் போகிறது, நல் வைப்பது வீண். நானும் தலையாட்டினேன்.

லூப்பின் முதல் வரியை இப்போது பாருங்கள். இரண்டாம் சுற்று தொடங்கும்போது பயனர் புராசஸை நிறுத்தியிருந்தால், எஸ்பி_பிரீட் வரிக்குப் போகாமலேயே ‘அவுட்’டுக்குத் தாவுகிறது. பிஹெச்சில் இன்னும் முந்தைய சுற்றின் பஃபர்தான் இருக்கிறது. ஏற்கெனவே விட்ட பஃபரை இன்னொரு முறை விடுகிறோம்.

எச்சரிக்கை ஏன் வேறு இடத்தில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அதில்தான் நான் இரண்டு நாளைத் தொலைத்தேன். பி_கவுண்ட் ஏற்கெனவே சுழியமாக இருக்கும்போது பிரெல்ஸ் கூப்பிட்டால்தான் கெர்னல் கத்தும். ஆனால் அண்மையில் தேடிய பஃபர்களை ஒவ்வொரு சிபியுவுக்கும் 16 இடம் கொண்ட ஒரு சிறு பட்டியலில் கெர்னல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலும் ஒரு ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே நாம் எடுத்த பிறகு எண் 2. முதல் பிரெல்ஸில் 1. தவறான இரண்டாவது பிரெல்ஸில் 0. சத்தமே இல்லை, பட்டியலுக்குச் சொந்தமான ரெஃபரன்ஸை நாம் எடுத்துவிட்டோம். பிறகு அதே சிபியுவில் யாரோ வேறு பிளாக்குகளைத் தேடும்போது நம் பஃபர் பட்டியலிலிருந்து வெளியே தள்ளப்படும். பட்டியல் தன் ரெஃபரன்ஸை விட முயலும்போது எண் சுழியம். அங்கேதான் எச்சரிக்கை. ஸ்டாக் டிரேஸில் இருப்பவருக்கும் பிழைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஆகவே இதைச் சோதனை ஓட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். காகிதத்தில் எண்ணுங்கள். நான் செய்வது: ஃபங்ஷனில் உள்ள ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ஒவ்வொரு கோட்டுவுக்கும் ஒரு வரி. லூப் இருந்தால் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கடைசிச் சுற்று மூன்றையும் தனித்தனியாக. ஒவ்வொரு வரியிலும் எடுத்தது, விட்டது, வெளியேறும்போது பிஹெச்சில் இருக்கும் மதிப்பு. மேலே உள்ள ஃபங்ஷனுக்கு ஒன்பது பத்து வரி வரும், பத்து நிமிட வேலை. அதை அன்றைக்கே செய்திருந்தால் ‘இரண்டாம் சுற்று, சிக்னல்: எடுத்தது 1, விட்டது 2’ என்று என் கையெழுத்திலேயே எழுதியிருப்பேன்.

இதே பகுதியில் அடிக்கடி வரும் இன்னும் சில:

‘பிஹெச் இருந்தால் பிரெல்ஸ்’ என்பதை வெறும் ‘பிரெல்ஸ்’ ஆக்குவது சரி. பிரெல்ஸ் ‘நல்’ மதிப்பைத் தானே சோதித்துக்கொள்ளும். ஆனால் முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட __பிரெல்ஸ் சோதிக்காது, புட்_பிஹெச்சும் சோதிக்காது. ‘எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று பிரெல்ஸை புட்_பிஹெச்சாக மாற்றும் பேட்ச் வந்தால், அந்த இடத்தில் நல் வர வாய்ப்பே இல்லை என்று ஒவ்வொரு இடத்துக்கும் நிரூபணம் கேளுங்கள்.

பல லேபிள்களை ஒன்றாக்கினால், எல்லாப் பஃபர் மாறிகளும் ஃபங்ஷன் தொடக்கத்திலேயே ‘நல்’ ஆக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு லேபிளே காத்துக்கொண்டிருந்ததை இப்போது அந்தத் தொடக்க மதிப்புதான் காக்கிறது.

எடுத்த பஃபரை விட மறந்துவிடுவதும் உண்டு. அதற்குச் சத்தமே இருக்காது. அந்தப் பஃபரும் அது உட்கார்ந்திருக்கும் பக்கமும் நினைவகத்திலிருந்து வெளியேற முடியாமல் அங்கேயே கிடக்கும். சந்தேகம் வந்தால் அந்த எரர் வழியை ஆயிரம் முறை ஓட்டி, கேஷை இறக்கிவிட்டு, ஸ்லாப்இன்ஃபோவில் (கெர்னல் நினைவகப் பயன்பாட்டுப் பட்டியலில்) பஃபர்_ஹெட் எண்ணிக்கையைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று அது ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது.

எக்ஸ்எஃப்எஸ் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸ்எஃப்எஸ்_பஃப்_ரெல்ஸ் லாக்கையும் திறந்து ரெஃபரன்ஸையும் விடும், எக்ஸ்எஃப்எஸ்_பஃப்_ரெலி ரெஃபரன்ஸை மட்டும் விடும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். பஃபர் டிரான்சாக்‌ஷனில் சேர்ந்திருந்தால் இரண்டும் கூடாது, டிரான்சாக்‌ஷனுக்கென்று இருக்கும் பதிப்பு வேண்டும்.

## 5. எரர் எந்த உருவத்தில் வருகிறது?

எஸ்பி_பிரீட் படிக்க முடியாவிட்டால் நல் தரும். எக்ஸ்ட்4-இன் சொந்த ஃபங்ஷனான எக்ஸ்ட்4_எஸ்பி_பிரீட் நல் தராது. எரர் எண்ணைப் பாயிண்டராக்கித் தரும். எக்ஸ்ட்4_பிரீட் என்று இன்னொன்று இருக்கிறது, அது மூன்று விதமாகத் திரும்பலாம்: நல்ல பஃபர், எரர் பாயிண்டர், அல்லது அந்த இடத்தில் பிளாக்கே இல்லை என்பதற்கு நல்.

பெயர்கள் இவ்வளவு ஒத்திருப்பதால் கிளீன்அப்பில் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது சாதாரணம். மாற்றியவர் கீழே உள்ள சோதனையை மாற்ற மறந்தால் டிஸ்க் நன்றாக இருக்கும் வரை எதுவும் தெரியாது. டிஸ்கைப் படிப்பதில் முதல் பிழை வந்த அன்று எரர் பாயிண்டர் ‘நல் இல்லையே’ என்று சோதனையைத் தாண்டிப் போய், பஃபரின் உள்ளடக்கமான பி_டேட்டாவைத் தொட்டு, கெர்னல் விழும்.

இதன் இன்னொரு முகம் ‘அவுட்’ லேபிளில் இருக்கிறது. பிஹெச்சில் எரர் பாயிண்டர் இருக்கும்போதே அங்கே போனால், பிரெல்ஸ் அதையும் நல் இல்லை என்றே எடுத்துக்கொண்டு எண்ணைக் குறைக்கப் போகும். அதனால் எக்ஸ்ட்4 கோடில் எரர் எண்ணை எடுத்துக்கொண்டதும் பிஹெச்சை ‘நல்’ ஆக்கும் வரிகளை நிறைய பார்ப்பீர்கள். அவை அலங்காரம் கிடையாது. ‘தேவையற்ற வரி’ என்று அவற்றை நீக்கும் பேட்சை விடாதீர்கள்.

திரும்பும் எரர் எண் மாறுகிறதா என்பதையும் பாருங்கள். முன்பு ‘நினைவகம் இல்லை’ என்று போனது இப்போது ‘ஐ/ஓ பிழை’ என்று போனால் அது செயல்பாட்டு மாற்றம். அழைப்பவர்களில் யாராவது அந்த எண்ணைப் பார்த்து மறுபடி முயல்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

## 6. விட்ட பிறகு தொடுகிறார்களா?

பிரெல்ஸை மேலே நகர்த்தி எரர் வழிகளைச் சுருக்குவது கிளீன்அப் எழுதுபவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை. நகர்த்திய இடத்துக்குக் கீழே ‘பிஹெச்’ என்ற பெயரே இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஆபத்து வேறு பெயரில் இருக்கிறது. பி_டேட்டாவுக்குள் சுட்டும் பாயிண்டர்கள்: டைரக்டரி என்ட்ரிக்கு ‘டிஇ’, எக்ஸ்டென்டுக்கு ‘இஎக்ஸ்’, குரூப் டிஸ்கிரிப்டருக்கு இன்னொன்று. பஃபரை விட்டபின் அந்த டிஇ-யிலிருந்து ஐநோட் எண்ணைப் படித்தால், அந்த இடம் அந்நேரம் வேறு யாருக்கோ சொந்தமாகியிருக்கலாம்.

கேசான் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கெர்னல் சோதனை வசதி) இதைப் பிடித்துவிடும் என்று நினைக்காதீர்கள். பிரெல்ஸ் நினைவகத்தை உடனே விடுவிப்பதில்லை. பக்கம் பின்னொரு நாள் மீட்கப்படும்போதுதான் உண்மையில் போகிறது. சோதனையில் ஆயிரம் முறை சரியாக ஓடும். ஆகவே பி_டேட்டாவிலிருந்து பிறந்த எல்லாப் பாயிண்டர் பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு, பிரெல்ஸுக்குக் கீழே ஒவ்வொன்றையும் தேடுங்கள்.

## 7. படித்து எடுத்ததா, வெறுமனே எடுத்ததா?

எஸ்பி_பிரீட் டிஸ்கிலிருந்து படித்துத் தரும். எஸ்பி_கெட்பிளாக் இடத்தை மட்டும் தரும். உள்ளே இருப்பது என்னவென்று உத்தரவாதம் கிடையாது. புது பிளாக்கை நிரப்பப் போகிறோம் என்றால் இரண்டாவது போதும், ஒரு படிப்பு மிச்சம். அதனால் ‘வேகமாக்குகிறேன்’ என்று முதலாவதை இரண்டாவதாக மாற்றுவார்கள். பிளாக் முழுவதும் புதிதாக எழுதப்படுகிறதா என்று பைட் கணக்கில் பாருங்கள். முன்பகுதியை மட்டும் நிரப்பினால் மீதியில் இருக்கும் குப்பை டிஸ்குக்குப் போகும்.

நிரப்பும் வரிசையும் முக்கியம்: லாக்_பஃபர், உள்ளடக்கத்தை நிரப்புதல், செட்_பஃபர்_அப்டுடேட், அன்லாக்_பஃபர், அதன்பின் மார்க்_பஃபர்_டர்ட்டி. ‘புது பிளாக்தானே, யார் தொடப் போகிறார்கள்’ என்று லாக்கை எடுத்துவிட்டால், அதே பிளாக்கை இன்னொருவர் படிக்க முயலும்போது அப்டுடேட் கொடி இல்லையே என்று டிஸ்கிலிருந்து படித்து, நீங்கள் நிரப்பியதன் மேலேயே பழையதைக் கொட்டிவிடலாம்.

லாக் பற்றிய ஒரு நல்ல பாடம் கெர்னலிலேயே நடந்திருக்கிறது. எல்எல்_ஆர்டபிள்யூ_பிளாக் என்ற பழைய ஃபங்ஷன், பஃபர் ஏற்கெனவே லாக் ஆகியிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடும். படிக்கச் சொன்னவர் படித்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். 2022-ல் அது நீக்கப்பட்டு, என்ன செய்கிறது என்று பெயரிலேயே தெரியும் பிஹெச்_ரீட் வகைகள் வந்தன. பழைய தனி மரங்களிலிருந்து பேட்ச் வந்தால் இந்த இடத்தை இருமுறை பாருங்கள்.

விசித்திரமாகத் தெரியும் வரிகளுக்கும் மரியாதை கொடுங்கள். எக்ஸ்ட்4 சூப்பர்பிளாக்கை எழுதும் இடத்தில், முந்தைய முறை எழுதியது தோற்றிருந்தால் பிழைக்கொடியை அழித்து அப்டுடேட்டைத் திரும்ப வைக்கும் சில வரிகள் இருக்கின்றன. படிப்பவருக்குத் தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் டிஸ்கில் எழுதும்போது பிழை நேர்ந்தால் கெர்னல் அப்டுடேட் கொடியை அழித்துவிடுகிறது; கொடி இல்லாத பஃபரை டர்ட்டி ஆக்கினால் எச்சரிக்கை வரும். யூஎஸ்பி டிஸ்கைப் பிடுங்கியபோது என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால்தான் அந்த வரிகளின் அர்த்தம் புரியும். இப்படி ஏதாவது நீக்கப்பட்டால் கிட் பிளேம் ஓட்டி, அந்த வரியைக் கொண்டுவந்த கமிட்டின் செய்தியைப் படியுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

## 8. ஜர்னல் இருந்தால் வரிசை மாறக்கூடாது

ஜர்னல் என்பது மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவு. முதலில் எக்ஸ்ட்4_ஜர்னல்_கெட்_ரைட்_ஆக்சஸ், பிறகு பி_டேட்டாவில் மாற்றம், பிறகு எக்ஸ்ட்4_ஹேண்டில்_டர்ட்டி_மெட்டாடேட்டா. நடுவில் இருப்பதை ஒரு வரிகூட மேலே நகர்த்தக் கூடாது. முந்தைய டிரான்சாக்‌ஷன் அந்த நேரம் ஜர்னலுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தால், அதற்கான பழைய உள்ளடக்கத்தை நகலெடுத்து வைப்பதே அந்த முதல் அழைப்புதான். அதற்கு முன்பே மாற்றிவிட்டால் பழைய டிரான்சாக்‌ஷனுக்குள் புதிய உள்ளடக்கம் போய்ச் சேரும். மின்சாரம் போய் ஜர்னலை மறுபடி ஓட்டும் அன்றுதான் அது வெளியே தெரியும். அதற்குள் யாருடைய கோப்போ போயிருக்கும்.

நகர்ந்த கோடில் இந்த மூன்று அழைப்பையும் மூன்று நிறத்தில் குறித்துப் பார்ப்பது எனக்கு உதவுகிறது. முதல் அழைப்பின் எரரைச் சோதிக்காமல் தாண்டிப் போகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

## 9. எண்ணின் அகலம்

பிளாக் எண் செக்டர்_டி அல்லது எக்ஸ்ட்4-இன் 64 பிட் வகையில் இருக்க வேண்டும். ‘இன்ட்’ ஆக மாறிப்போனால் 4 கேபி பிளாக்கில் 16 டிபிக்குக் கீழேயே எண் மடங்கிவிடும். ஷிஃப்ட் செய்யும் இடத்தில், ஷிஃப்ட்டுக்கு முன்பே அகல வகையாக மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பின்னால் மாற்றிப் பயனில்லை. எண்டியன் (பைட் வரிசை) தவறுகளை ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி சொல்லிவிடும், மேக் கட்டளையோடு சி=1 கொடுத்தால் போதும். பேஜிலிருந்து ஃபோலியோவுக்கு (சேர்ந்தாற்போல் உள்ள பக்கங்களின் தொகுதிக்கு) மாற்றும் பேட்ச் என்றால், பேஜ் அளவை வைத்துப் போட்ட ஆஃப்செட் கணக்கு எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். ஃபோலியோ ஒரு பக்கத்தைவிடப் பெரியதாக இருக்கலாம்.

## 10. ஓட்டிப் பார்ப்பது

கேசானும், லாக் வரிசைத் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப்பும் போட்டு ஒரு கெர்னல் பில்ட் செய்யுங்கள். எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பை நிறுவி, டெஸ்ட் டிஸ்க் ஒன்று, ஸ்கிராட்ச் டிஸ்க் ஒன்று என்று அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். கவனம்: ஸ்கிராட்ச் டிஸ்க் திரும்பத் திரும்ப ஃபார்மட் செய்யப்படும். பெயரை ஒரு எழுத்து தவறாக எழுதினால் உங்கள் சொந்தத் தரவு போய்விடும். வர்ச்சுவல் மெஷின் வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

பேட்ச் இல்லாத கெர்னலில் முதலில் ஓட்டி முடிவைச் சேமியுங்கள். இதைப் புதியவர்கள் எல்லோருமே தவறவிடுகிறார்கள். ஏற்கெனவே தோற்கும் சோதனைகள் எப்போதும் சில இருக்கும். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் பேட்சைக் குறைசொல்லிவிட்டு மறுநாள் திரும்பப் பெற வேண்டியிருக்கும். ‘குவிக்’ குழு எனக்கு ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கிறது, கேசானோடு என்றால் இன்னும் அதிகம். ‘ஆட்டோ’ குழுவை இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

இயல்பான 4 கேபி பிளாக்கோடு நிறுத்திவிடாதீர்கள். 1 கேபி பிளாக்கில் ஃபார்மட் செய்து மறுபடி ஓட்டுங்கள். 4 கேபி பக்கத்தில் அப்போது நான்கு பஃபர் உட்காரும். ‘பக்கத்துக்கு ஒரு பஃபர்’ என்று யாராவது தெரியாமல் நினைத்திருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

எரர் வழிகள் சாதாரணச் சோதனையில் அரிதாகவே ஓடும். கிளீன்அப் மாற்றியதோ எரர் வழியை. ஆகவே பிழையை நாமே உண்டாக்க வேண்டும். டிவைஸ் மேப்பரில் டஸ்ட் என்ற வகை இருக்கிறது: குறிப்பிட்ட பிளாக்கைக் ‘கெட்டது’ என்று சொல்லிவிட்டால் அதைப் படிக்கும்போதெல்லாம் பிழை தரும். பேட்ச் தொடும் மெட்டாடேட்டா பிளாக்கின் எண்ணை டீபக்எஃப்எஸ் கருவியில் பார்த்து, அதைக் கெட்டதாக்கி, அந்த ஃபங்ஷன் வழியாகப் போகும் செயலைச் செய்யுங்கள். எழுதும்போது வரும் பிழைக்கு ஃபிளேக்கி வகை. ஒரு மணி நேர அமைப்பு வேலை. அடுத்த பேட்சுக்கும் அதே ஸ்கிரிப்ட் உதவும்.

## 11. பதில் எழுதுவதும் காலமும்

கண்டதை அந்தந்த வரிக்குக் கீழேயே எழுதுங்கள், தொடர்பில்லாத மேற்கோளை வெட்டிவிடுங்கள். வெறும் எழுத்து மட்டும், எச்டிஎம்எல் கூடாது. “இது தவறு” என்று நிறுத்தாமல் வழியைச் சொல்லுங்கள்: “இரண்டாம் சுற்றில் சிக்னல் வந்தால் பிஹெச்சில் பழைய பஃபர் இருக்கிறது, ‘அவுட்’டில் மறுபடி விடப்படுகிறது.” இப்படி எழுதினால் எழுதியவர் பத்து நிமிடத்தில் திருத்திவிடுவார், வாக்குவாதமே வராது. புரியாத இடத்தைக் கேள்வியாகக் கேளுங்கள். நான் கேட்ட கேள்விகளில் பாதி என் அறியாமை, மீதிப் பாதி உண்மையான பிழை. கேட்கும் முன் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

பேட்சில் ஒரு பகுதியை மட்டும் பார்த்திருந்தால் ரிவ்யூட்-பை கொடுக்காமல், எதைப் பார்த்தீர்கள் என்று வாக்கியமாக எழுதுங்கள். ஓட்டிப் பார்த்தது மட்டும் என்றால் டெஸ்டட்-பை, எந்த பிளாக் அளவு, எந்தக் குழு என்ற விவரத்தோடு. மெயின்டெய்னருக்கு (அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு) அந்த விவரம் உங்கள் பெயரைவிட அதிகம் உதவும்.

காலக்கணக்கு: ஒரு கெர்னல் வெளியீட்டுச் சுற்று ஒன்பது பத்து வாரம். முதல் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, புது கோடை உள்ளே சேர்க்கும் காலம். அப்போது கிளீன்அப் பற்றிப் பேச மெயின்டெய்னர்களுக்கு நேரம் இருக்காது. ஆர்சி1 (முதல் சோதனை வெளியீடு) வந்ததிலிருந்து ஆர்சி5 வரை நல்ல காலம். அதற்குப் பிறகு வரும் கிளீன்அப் அடுத்த சுற்றுக்குப் போகட்டும் என்று சொல்வதில் தவறில்லை. அவசரப்பட்டு உள்ளே விட வேண்டிய அளவுக்கு எந்தக் கிளீன்அப்பும் முக்கியமில்லை. பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டுங்கள்.

இரண்டாம் பதிப்பு வந்ததும் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டாம். கிட் ரேஞ்ச்-டிஃப் இரண்டு பதிப்புக்கும் நடுவே மாறியதை மட்டும் காட்டும். ஆனால் நான்காம் படியில் போட்ட கணக்குத் தாளை மட்டும் எடுத்து, மாறிய ஃபங்ஷன்களுக்கு மறுபடி எண்ணுங்கள். நீங்கள் சொன்ன பிழையைத் திருத்தும் அவசரத்தில் பக்கத்து வழியில் இன்னொரு பிரெல்ஸ் சேர்ந்திருப்பதை இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன்.